கட்டுச்செட்டு

அக்கா மகள் சேலம் அஸ்தம்பட்டியில் புது வீட்டுக்குக் குடிபோனபோது மூன்று மூட்டைத் துணியையும் ஒரு பெட்டி நிறையப் பாத்திரத்தையும் ஒதுக்கிவிட்டாள். “இனிமேல் மினிமலிசம்தான் சித்தி” என்றாள். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வது. நல்ல முடிவு. அப்புறம், “இதுக்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மினிமலிசத்தின் வேர் லத்தீனின் ‘மினிமஸ்’. மிகச் சிறியது என்று பொருள். 1960களில் நியூயார்க் ஓவியர்களும் சிற்பிகளும் அலங்காரத்தை எல்லாம் கழித்துவிட்டு வெறும் சதுரமும் கோடுமாகச் செய்த படைப்புகளைப் பற்றிப் பேசும்போது பரவிய சொல் அது. அங்கிருந்து இசைக்கும் கட்டடக் கலைக்கும் போய், வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது மிகப் பிந்தித்தான். அதனால்தான் இன்றும் அதில் கழித்தல்தான் முதலில் நிற்கிறது.

இதற்கு ‘எளிமை’ என்று எழுதுகிறார்கள். காந்தியோடு தங்கியிருந்த ரிச்சர்ட் கிரெக் 1936இல் எழுதிய ‘தானாக ஏற்கும் எளிமை’ என்ற கருத்துக்கு அது பொருந்தும். ஆனால் நம் பேச்சில் எளியவர் என்றால் இல்லாதவர். இருந்தும் அளவாக வாழ்கிறவரை அந்தச் சொல் காட்டாது. ‘சிக்கனம்’ இன்னும் நெருங்கி வருகிறது. “சிக்கெனப் பிடித்தேன்” என்று மாணிக்கவாசகர் பாடும்போது உள்ள இறுக்கம் எனக்கு அதிலும் கேட்கிறது. ஆனாலும் சிக்கனம் என்றதும் காசுதான் நினைவுக்கு வருகிறது. பொருளும் குப்பையும் வருவதில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் சொல் ‘கட்டுச்செட்டு’. “அந்தப் பொண்ணு கட்டுச்செட்டா குடும்பம் நடத்துது” என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கட்டு என்றால் சிதறாமல் கட்டிவைப்பது. கட்டுப்பாடு, கட்டுக்கோப்பு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். செட்டு என்றால் வணிகம். அதிலிருந்து வணிகருக்கே உரிய கணக்கான செலவும் செட்டு ஆனது. பம்புசெட்டில் வரும் செட்டு வேறு, அது ஆங்கிலம். இளையவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதால் இந்தப் பழைய செட்டு நம் காதிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இந்தச் சொல்லின் முழுப் பொருளை நான் பார்த்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மாமியார் வீட்டுக் கொலுசுப் பட்டறையில். அரத்தால் ராவும்போது உதிரும் வெள்ளி அரப்பொடியை அன்றன்றைக்கே தட்டி ஒரு கொட்டாங்குச்சியில் சேர்ப்பார்கள். விளக்கை அணைக்குமுன் மாமியார் தரையைக் குனிந்து பெருக்குவார். வாரியது குப்பைக்குப் போகாது. மண்ணும் முடியும் நூலுமாக மூடிபோட்ட தகர டின்னுக்குள் போகும். கை கழுவிய தண்ணீருக்குக்கூடத் தனி வாளி, அடியில் படிவதை எடுக்க. டின் நிறைந்ததும் பட்டறை மண் வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொண்டு காசு கொடுப்பார். அவர் அதை அரித்து உருக்கி வெள்ளி எடுப்பார். அதே மாமியார் கல்யாண வீட்டுக்கு மொய் எழுதும்போது கை சுருக்கி நான் பார்த்ததில்லை. கட்டுச்செட்டுக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள தூரம் அதுதான்.

சேலத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் இதே வழக்கம். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைக்குத் ‘திப்பி’ என்று தனிப்பெயரே உண்டு. காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். பெயர் வைத்த பொருளை அவ்வளவு சுலபமாக யாரும் கொட்டிவிடுவதில்லை.

ஓவியத்தையும் இசையையும் பற்றி எழுதும்போது மினிமலிசம் என்றே எழுதலாம், தவறில்லை. வீட்டைப் பற்றி, செலவைப் பற்றி, குப்பையைப் பற்றி என்றால் கட்டுச்செட்டு என்று எழுதுங்கள்: கட்டுச்செட்டான வாழ்க்கை, கட்டுச்செட்டான சமையலறை.

அக்கா மகளிடமும் இதைத்தான் சொன்னேன். “சரி சித்தி” என்றவள், அடுத்த வாரம் அந்த மூன்று மூட்டையில் ஒன்றைப் பிரித்து, பருத்திச் சேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனாள். கடைக்கு எடுத்துப்போக ஆறு பை வந்தது.