பிள்ளையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்

நான் குடும்ப ஆலோசகர். பிள்ளையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போகப் பார்க்கும் குடும்பங்களில் இந்த மாதம் இது நான்காவது. மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். படிவம் மூன்று படிக்கும் மகன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். "நல்லா புத்தி சொல்லுங்க மேடம், நாங்க கீழே டீ குடிச்சிட்டு வர்றோம்." பழுதான மோட்டாரைப் பட்டறையில் விடுகிற மாதிரி!

எல்லோரையும் உட்காரவைத்தேன். அவனை விட்டுவிட்டு, பத்து வயதுத் தங்கச்சியிடம் கேட்டேன்: "அண்ணன் பள்ளிக்குப் போகாத அன்னைக்கு யார் யார் என்ன செய்வாங்க?" பாட்டி அம்மாவைத் திட்டுவார், அம்மா அண்ணனிடம் கத்துவார், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் அப்பா எழுந்து வருவார், அண்ணன் கதவைச் சாத்திக்கொள்வான். அப்புறம்? "அப்பாவும் அம்மாவும் சமையல்கட்டுல உட்கார்ந்து பேசுவாங்க." மற்ற நாளில்? "வாட்ஸ்அப்லதான்."

இருவருக்கிடையில் நடப்பதை மூன்றாமவரிடம் கேட்கும் இந்த வட்டக் கேள்வி முறையை 1980இல் எழுதிவைத்தவர்கள், இத்தாலியின் மிலான் நகரத்துச் செல்வினி பலாட்சோலி, போஸ்கோலோ, செக்கின், பிராத்தா நால்வர்.

உடனே அப்பா, "அப்ப தப்பு எங்க மேலன்னு சொல்றீங்க" என்றார். எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். அம்மா கத்துவதால் அவன் கதவைச் சாத்துகிறான், அவன் சாத்துவதால் அம்மா கத்துகிறார். அவனைக் கேட்டால் கதை அம்மாவில் தொடங்கும், அம்மாவைக் கேட்டால் அவனில் தொடங்கும், இரண்டும் பொய்யில்லை. யார் தொடங்கியது என்று தீர்ப்புச் சொல்ல நான் பஞ்சாயத்தா வைத்திருக்கிறேன்? இந்தச் சுற்றில் யார், எந்த இடத்தில் கொஞ்சம் மாற்றி நடக்கலாம் என்றுதான் தேடுகிறேன். பெற்றோரைச் சேர்த்துவைக்க அவன் திட்டம் போட்டான் என்றும் சொல்லவில்லை. தங்கச்சியின் பதில் ஒரு ஊகத்துக்குப் பிடி, அவ்வளவுதான். பள்ளியில் யாராவது அவனை மிரட்டுகிறார்களா என்பதையும் கேட்டாக வேண்டும்.

வீட்டில் அடி உதை இருந்தால் இந்த வட்டக் கணக்கெல்லாம் செல்லாது. அடித்தவரே பொறுப்பு. அங்கே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதே ஆபத்து. உண்மை சொன்னவருக்கு வீட்டுக்குப் போனதும் விழும். தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவி எண் 15999க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

எந்த ஆலோசகரிடம் போனாலும் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் இருப்பது எதற்கு? கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள்.

வீட்டில் ஒரு வாரம் "ஏன்டா இப்படி?" என்பதை நிறுத்துங்கள், ப்ளீஸ். "நீ கதவைச் சாத்தினப்ப யாருக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் விடுங்கள். இதைப் படித்துவிட்டுத் தங்கச்சியை உளவாளியாக்கிவிடாதீர்கள், பாவம்.

அப்புறம், அடுத்த முறை பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் மாலை நான்கு மணிக்கு நேரம் தருகிறேன்.