சிந்தசைசர்: சேக்கறதா, இழைக்கறதா?

எங்கூருப்பக்கம் சிந்தடிக்னாலே ஒரு எளக்காரந்தானுங்க. ஈரோட்டு ஜவுளிக்கடையில சேலையைத் தடவிப் பாத்துட்டு "காட்டன் இல்லீங்ளே, சிந்தடிக்காட்ட இருக்குது"ன்னு ஒதுக்கி வெக்கறதைக் கேட்டுக் கேட்டே வளந்தவன் நானு, அதனால கரண்டுல சத்தம் உண்டுபண்ணற வாத்தியத்துக்கு சிந்தசைசர்னு பேருன்னு மொதமொத காதுல விழுந்தப்ப சரி, நெச வாத்தியம் வாங்க வக்கில்லாதவங்களுக்கு வந்த டூப்பு போலன்னுதான் நெனச்சேன். ரெண்டு சொல்லுக்கும் வேர் ஒண்ணுதான். ஆனா அந்த வேர்ல போலிங்கற அர்த்தமே கெடையாது.

கிரேக்கத்துல "சின்"னா கூட, "திதெனை"னா வெக்கறது. சேத்து வெக்கறது. கொங்குத்தமிழ்ல சொல்லோணும்னா ஒட்டுக்கா வெக்கறது, அவ்ளோதான். பள்ளிக்கூடத்துல ஒளிச்சேர்க்கைன்னு படிச்சமே, போட்டோசிந்தசிஸ், அதுல வர்ற சேர்க்கையும் இதே சொல்லுதான். இலை என்ன போலிச் சாப்பாடா பண்ணுது?

இந்தப் பேரை ஒரு இசை மிஷினுக்கு வெச்சு ஊரறியக் காட்டுனது அமெரிக்காவுல ஆர்சிஏ கம்பெனி, 1955ல. காகித நாடாவுல ஓட்டை போட்டுக் குடுத்தா அதைப் படிச்சு சத்தம் போடும். அப்புறம் 1964ல ராபர்ட் மோக் (எழுத்தைப் பாத்து மூக்குன்னு படிச்சுப்போடாதீங்க, மோக்தான்) தனித்தனிப் பெட்டிகளா செஞ்சு வயர்ல கோத்து வாசிக்கற மாதிரி கொண்டாந்தாரு, 1970ல அதையெல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள்ள அடக்கி மினிமோக் வந்துச்சு. 44 கட்டை. சத்தத்துக்கு மூலமான அலையை உண்டுபண்ணற அலையியற்றி (ஆசிலேட்டர்) மூணு. எத்தனை வெரல் வெச்சு அமுக்குனாலும் ஒரு நேரத்துக்கு ஒரே சுரம்தான்.

இந்தப் பெட்டிகளை அனலாக் சிந்தசைசர்ம்பாங்க, அந்த அனலாக்கும் கிரேக்கந்தான், விகிதத்துக்கு ஏத்த மாதிரின்னு அர்த்தம். பாடப்புத்தகம் ஒப்புமைங்குது, தப்பில்லை. எதுக்கு எது ஒப்புன்னா, வோல்டேஜுக்கு சுரம். உள்ளார 1 வோல்ட் ஏறுனா சுரம் சரியா ஒரு ஸ்தாயி ஏறும், அப்ப பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல சுமார் 83 மில்லிவோல்ட்தான் வித்தியாசம். அதுல ஒரு துளி நகந்தாலே காதுக்குத் தெரிஞ்சுபோகும். நகத்தறது யாருன்னா சூடு, அந்த வோல்டேஜை சுரமா மாத்தற டிரான்சிஸ்டர் சூட்டுக்குத் தகுந்தாப்புல கொணம் மாறிக்கிட்டே இருக்கும். அனலாக்ங்கற பேருக்குள்ளயே அனல் இருக்குதுன்னு நான் வெளையாட்டுக்கு சொல்லுவேன், சொல்லாராய்ச்சி பண்றவங்க அடிக்க வராதீங்க.

எங்க மாமா ஒருத்தரு வெளிநாட்டுல இருந்து வரையில அந்தக் காலத்து ஒத்தைச்சுரப் பெட்டி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாரு, எந்தக் கம்பெனின்னு வேண்டாம். அது 100 வோல்ட்ல ஓடறது, நம்ம ஊட்டுல 230. அதுக்காக மோட்டார் காயில் கட்டற கடையில சொல்லி ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டிக்கிட்டோம், செங்கல்லாட்ட கனம். பங்குனி நோம்பிக்கு நம்ம கச்சேரில வாசிக்கலாம்னு ஆசை. பொழுதோட ஒத்திகை, சுவிட்சைப் போட்ட கையோட சுருதி சேத்து வெச்சேன், அரைமணி கழிச்சுப் பாத்தா பாடற புள்ள ஒரு பக்கம் நிக்குது பெட்டி ஒரு பக்கம் போகுது. ரிப்பேருன்னு நெனச்சு "மாமா, இது கெட்டுப்போச்சுங்க"ன்னேன். அவரு சிரிச்சுட்டு, "ஏன் மாப்ள, அடுப்பைப் பத்தவெச்ச ஒடனேயே தோசை ஊத்துவீங்களா? கல்லு காயோணும்ல"ன்னாரு. அன்னைல இருந்து கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டு வெச்சுட்டுத்தான் டீ குடிக்கவே போறது.

இந்தக் கோளாறுக்குள்ளதான் அழகும் இருக்குது. மினிமோக்ல மூணு அலையியற்றியும் மில்லி சுத்தமா ஒண்ணு சேந்து நிக்காது, ஒண்ணு நொடிக்கு 440 அதிர்வுல இன்னொண்ணு 442ல நின்னா நொடிக்கு ரெண்டு தடவை சத்தம் பெருத்து இளைக்கும். சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்துல படுத்துத் தூங்குனவங்களுக்கு இது புதுசில்லீங்க, பக்கத்துப் பக்கத்துத் தறி ரெண்டும் ஒட்டுக்கா அடிக்கும், சித்த நேரத்துல ஒண்ணு பிந்தும், மறுபடி வந்து சேரும். அந்தச் சேந்து விலகறதுதான் எல்லாரும் வார்ம் (இதமான சத்தம்), கனம்னு சிலாகிக்கறது. அப்புறம் ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு வயரை எடுத்து அதே பெட்டியோட வெளி இன்புட்லயே குத்துனா அதும் சத்தத்தை அதே தின்னு உறுமும். செஞ்சவங்களே நெனைக்காத வேலை.

இந்த மாதிரிப் பெட்டிக்கு ஞாபகசக்தி சுத்தமா கெடையாது. ஒரு டோனைப் புடிச்சா எந்தத் திருகு எங்க நிக்குதுன்னு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கோணும், எங்க பெட்டியில ரெண்டு திருகுக்குப் பக்கத்துல சாக்பீஸ் கோடு இன்னமும் இருக்குது. பட்டனைத் தட்டி டோனைத் திருப்பி எடுக்கற வசதியெல்லாம் 1978ல பிராபெட்-5ங்கற சிந்தசைசர் வந்தப்பறந்தான் பரவலாச்சு.

இப்ப தமிழுக்கு வருவோம். சிந்தசைசரைத் தொகுப்பிங்கறாங்க, அதைக் கம்ப்யூட்டர்காரங்க கம்பைலருக்கு (நாம எழுதற புரோகிராமை மிஷின் மொழிக்கு மாத்தறது) எடுத்துட்டாங்க, ஒலித்தொகுப்பின்னா தப்பிக்கலாம். ஒலிச்சேர்க்கின்னும் சொல்லலாம், ஒரு எழுத்து பெசகுனா செடியாயிரும். எனக்கு ரெண்டுலயும் ஒரு கொறை இருக்குது. இந்த அனலாக் பெட்டிக்கு சேக்கறதுங்கறது பேருதான், வேலை பெருசா கழிக்கறது. ரம்பப் பல்லாட்ட கொரகொரன்னு ஒரு அலையை மொதல்ல உண்டுபண்ணும், வடிப்பான் அதுல மேல்ப்பக்கத்துக் கீச்சு சத்தத்தையெல்லாம் சீவி எறியும், மிச்சம் நிக்கறதுதான் டோன். மினிமோக்குக்குப் பேரு வாங்கிக்குடுத்ததே அந்த வடிப்பான்தான், டிரான்சிஸ்டரை ஜோடி ஜோடியா ஏணிப்படியாட்ட அடுக்குனது, வெட்டற எல்லையைத் தாண்டி ஏறற ஒவ்வொரு ஸ்தாயிக்கும் சத்தத்தை 24 டெசிபெல் கொறைக்கும்.

அதனால என் ஓட்டு இழைக்கு. ஆசாரி இழைப்புளியில பலகையை இழைக்கறாரு, அது கழிக்கறது. நகையில கல் இழைக்கறாங்க, அது சேக்கறது. பாட்டு சுருதியோட இழையுதும்போம், நூலுக்கும் இழைன்னுதான் பேரு. துரோகம் இழைக்கறதும் உண்டு, கச்சேரி நடுவுல சுருதி நகரையில அதும் பொருந்தும். ஒலியிழைப்பி. எந்த அகராதியிலயும் தேடாதீங்க, நானாக் கட்டுனது.

மாமாகிட்ட சொன்னேன், நல்லாருக்குதுன்னாரு. போன நோம்பியில மைக்செட் தம்பிகிட்டயும், "தம்பி, இது கீபோர்டு இல்லீங்க, ஒலியிழைப்பி"ன்னு நின்னு வெளக்குனேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "சரீங்ணா, அந்தப் பழைய கேசியோவை மட்டும் சித்த அக்கட்டால நகத்துங்க, ஸ்பீக்கர் வெக்கோணும்"னான்.