இரண்டு ஏக்கர், இரண்டு வீடு

மேற்குக் கென்யாவில் மக்காச்சோளத்துக்குக் களையெடுக்கும் பருவம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் மகன் ஆசிரியர். சம்பளம் வந்ததும் உர மூட்டை வந்து இறங்கிவிடும். அடுத்த வீட்டு அம்மாவோ, சொந்த நிலத்தில் களை மண்டிக்கிடக்க, ஊரார் நிலத்துக்குக் களையெடுக்கப் போகிறார். அன்றைய சாப்பாடு அந்தக் கூலியில்தான்.

நிலத்தை மட்டும் அளந்தால் இருவரும் ஒன்றுதான். இந்திய வேளாண் கணக்கெடுப்பும் 1 ஹெக்டேருக்குக் கீழே குறு விவசாயி, 2 ஹெக்டேருக்குள் சிறு விவசாயி என்றுதான் பிரிக்கிறது. ஆனால் 2018-19 விவசாய ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வைப் பாருங்கள்: விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063, பயிரில் நின்றது 3,798. ஏக்கர் கணக்கில் இது எங்கே தெரியும்?

அதனால்தான், விவசாய வீடுகளைப் பிழைக்கும் விதத்தை வைத்து வகை பிரிக்க, ஆய்வாளர்கள் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிறார்கள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, உழைக்கும் கைகள் எத்தனை, வெளிவருமானம் உண்டா, விளைந்த தானியம் எத்தனை மாதம் வரும்? மாட்டையும் ஆட்டையும் ஒரே அலகுக்கு மாற்றுவார்கள்; ஆப்பிரிக்காவில் மாடு 0.7, ஆடு 0.1 என்பது வழக்கமான கணக்கு.

இங்கே ஒரு சிக்கல். வருமானம் ஆயிரங்களில், நிலம் ஒற்றை இலக்கத்தில். அப்படியே கணக்குப் போட்டால் பணம் நிலத்தை விழுங்கிவிடும். எனவே ஒவ்வொரு எண்ணிலும் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக்கிடக்கின்றன என்ற அளவால்) வகுத்து, எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். அப்புறம் கணினி, ஒவ்வொரு வீட்டையும் தனிக் குழுவாக வைத்துத் தொடங்கி, மிக நெருங்கியவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். கடைசியில் கிளை கிளையாக ஒரு மரம் கிடைக்கும். அதை எந்த உயரத்தில் வெட்டுவது, அதாவது எத்தனை வகையோடு நிறுத்துவது? அந்த முடிவு மனிதருடையது. வெட்டியபின் ஊர்க்காரர்களிடம் காட்டி, “சரிதானா?” என்று கேட்காத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

மேற்குக் கென்யாவில் வேளாண் ஆய்வாளர் பாப்லோ டிட்டோனெல் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஐந்து வகைகளைக் கண்டது. சம்பளத்தை நம்பிய வீடுகள் ஒரு வகை, நிலமும் பணப்பயிரும் உள்ளவை இன்னொன்று. ஐந்தாவது வகை, அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகும் குடும்பங்கள். “காலத்தில் களையெடுங்கள்” என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. அந்த நாளைத்தான் அவர் ஏற்கெனவே விற்றுவிட்டாரே.