சிறிய வட்டம், பெரிய சட்டம்

பகல் வேளையில் ஓர் அறையின் ஜன்னல்களில் ஒன்றை மட்டும் திறந்து வைத்துவிட்டு மற்றவற்றை மூடிவிடுங்கள். எஸ்எல்ஆர் கேமராவிலிருந்து (லென்ஸுக்குப் பின்னால் மேலெழும் முகக்கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸைக் கழற்றி, அதன் முகம் ஜன்னலைப் பார்க்கும்படி பிடியுங்கள். பின்பக்கம், லென்ஸ் கேமராவில் பொருந்தும் மவுண்ட் வளையத்திலிருந்து நாலரை சென்டிமீட்டர் தள்ளி, ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். பழைய நிக்கான் லென்ஸாக இருந்தால் கழற்றியதுமே, ஒளி வரும் துளையான அப்பர்ச்சரின் இதழ்கள் சுருங்கிக்கொள்ளும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் திறந்துவிடும். தாளை லேசாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எதிர்வீட்டு மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் வானமும் வண்ணம் மாறாமல் தலைகீழாகத் தாளில் வந்து விழும்.

அந்தப் படத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். அது வட்டம். நாம் பார்க்கும் புகைப்படங்கள் எல்லாம் செவ்வகமாக இருப்பதால், லென்ஸும் செவ்வகமாகத்தான் படம் போடுகிறது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செவ்வகம், கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சாருடையது. லென்ஸ் தருவது ஒரு பிம்ப வட்டம். அதன் நடுவிலிருந்து சென்சார் தனக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிராப் சென்சார், அதாவது சிறிய சென்சார் கொண்ட கேமராவுக்கென்று செய்த லென்ஸை, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டலாமா, மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்கும் எவருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இந்த வட்டத்தைத்தான். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு மீதி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ. பித்தாகரஸ் தேற்றப்படி அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அந்தச் செவ்வகத்தின் நான்கு மூலைகளும் நனைய வேண்டுமானால் வட்டத்தின் விட்டம் குறைந்தது அவ்வளவு இருக்க வேண்டும். நிக்கான் டிஎக்ஸ் என்று பெயரிட்ட கிராப் சென்சார் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 28.2. கேனானின் கிராப் சென்சார் இன்னும் சற்றுச் சிறியது, 22.3 × 14.9, மூலைவிட்டம் 26.8. ஆக, கிராப் லென்ஸை வடிவமைப்பவர் 28 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான வட்டம் கிடைத்தாலே தன் கடமையை முடித்துவிட்டார். அதற்கு மேல் எவ்வளவு மிஞ்சும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். அந்த மிச்சத்தில்தான் சுவாரசியமே இருக்கிறது.

ஓர் உண்மையான லென்ஸையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் வந்த நிக்கான் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8. (எஃப் எண் சிறிதாக இருந்தால் ஒளி வரும் துளை பெரிது, எண் பெரிதானால் துளை சிறிது.) விலை குறைவு, எடை குறைவு, படம் தெளிவு. முதல் கேமராவுக்கு அடுத்தபடியாகப் பலர் வாங்கிய முதல் பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ். பெயரிலேயே டிஎக்ஸ் என்று இருக்கிறது. ஆனால் இதை ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டி, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் கேமரா தானாக வெட்டியெடுக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பார்த்தால், படச் சட்டத்தின் பெரும்பகுதி நிறைந்திருக்கும். நான்கு மூலைகளில் மட்டும் இருட்டு படியும்.

அந்த இருட்டு ஏன் வருகிறது? ஒரு கெட்டி அட்டையைச் சுருட்டிக் குட்டையான குழாயாக்கி, ஒரு கண்ணால் அதன் வழியே பாருங்கள். நேராகப் பார்க்கும்போது மறுமுனை முழு வட்டமாகத் தெரியும். குழாயைச் சற்றுச் சாய்த்தால், கண்ணுக்குப் பக்கத்திலுள்ள விளிம்பும் தூரத்து விளிம்பும் ஒன்றையொன்று மறைக்க, நடுவில் பூனைக்கண் போன்ற ஓட்டை மட்டும் மிஞ்சும். இன்னும் சாய்த்தால் அதுவும் மூடிக்கொள்ளும். லென்ஸும் ஒரு குழாய்தான். முன் கண்ணாடியின் வளையம், பின் கண்ணாடியின் வளையம், நடுவே தேவையற்ற ஒளியைத் தடுக்கும் கறுப்புத் தட்டுகள் எல்லாம் அதற்குள் அடுக்கியிருக்கின்றன. மிகவும் சாய்வாக வரும் கதிர் இவற்றில் ஏதோ ஒன்றில் முட்டி நின்றுவிடும். அது நிற்கும் இடமே வட்டத்தின் எல்லை.

எந்தக் கண்ணாடியும் மறைக்காவிட்டால்கூட ஓரத்துக்கு ஒளி குறைவாகத்தான் போகும். எளிய லென்ஸில் மூலைக்குச் செல்லும் கதிரின் கோணத்துக்குக் கொசைன் எடுத்து, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் வருவதுதான், நடுவோடு ஒப்பிட்டால் மூலையின் வெளிச்சம். 35 மி.மீ. குவியத் தூரத்தில், டிஎக்ஸ் மூலைக்குப் போகும் கதிர் 22 டிகிரி சாய்கிறது. அங்கே நடுவிலுள்ள வெளிச்சத்தில் 74 சதவீதம் கிடைக்கும். ஃபுல் ஃப்ரேம் மூலைக்கு 32 டிகிரி. கிடைப்பது 52 சதவீதம். நல்ல வடிவமைப்பாளர்கள் இந்த விதியைக் கொஞ்சம் வளைக்கத் தெரிந்தவர்கள். அதற்கு இன்னும் பெரிய கண்ணாடி வேண்டும். கிராப் லென்ஸில் அந்தச் செலவைத்தான் மிச்சம் பிடித்தார்கள்.

இங்கே பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மூலை இருட்டாக இருந்தால் அப்பர்ச்சரைச் சுருக்கு, சரியாகிவிடும் என்பார்கள். ஃபுல் ஃப்ரேம் லென்ஸில் அது பெரும்பாலும் பலிக்கும். வட்டமே தீர்ந்துபோன கிராப் லென்ஸில் நடப்பது வேறு. முழுதாகத் திறந்திருக்கும்போது, ஓரத்துப் புள்ளிக்கு ஒளி கண்ணாடியின் ஒரு பகுதி வழியாக வரும், மறுபகுதி மறைந்திருக்கும்; அதனால் விளிம்பு மெல்ல மெல்ல மங்கும். எஃப் 11-க்குச் சுருக்கியதும் ஒளி வரும் வாசல் ஊசித்துளை அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஒரு புள்ளிக்கு ஒன்று ஒளி முழுதாக வரும், இல்லையென்றால் வரவே வராது. நடுப்பகுதி சீராக வெளுக்கும். மூலையிலோ கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பு விளிம்பு விழும்.

சரி, ஒரே மவுண்டில் இரண்டு வட்டங்கள் வந்தது எப்படி? 36 × 24 என்ற அளவு சினிமா ஃபிலிமிலிருந்து வந்தது. 35 மி.மீ. சினிமா ஃபிலிமின் சட்டம் 18 × 24; லைக்கா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் அதை இரட்டிப்பாக்கித் தன் சிறிய கேமராவில் வைத்தார். 1925-இல் லைக்கா விற்பனைக்கு வந்தபின் அதுவே வழக்கமாகிப்போனது. டிஜிட்டல் காலம் பிறந்தபோது அவ்வளவு பெரிய சிலிக்கான் சில்லு செய்வது மிகப் பெரிய செலவு. சில்லு பெரிதாக ஆக, ஒரு வட்டத் தட்டில் வெட்டியெடுக்கக் கிடைக்கும் எண்ணிக்கை குறையும், பழுதுக்குத் தப்புபவையும் குறையும். அதனால் 1999-இல் நிக்கான் டி1 சிறிய சென்சாரோடு வந்தது. நான்கு ஆண்டுகள் எல்லோரும் பழைய லென்ஸ்களையே அதில் மாட்டினார்கள். பெரிய வட்டத்தின் நடுத்துண்டு மட்டும் பயன்பட்டது, 20 மி.மீ. லென்ஸ் 30 மி.மீ. போலக் குறுகலாகப் பார்த்தது. அந்தக் குறையைத் தீர்க்க 2003-இல் வந்ததுதான் டிஎக்ஸ் 12-24 மி.மீ. ஜூம் லென்ஸ். அதே ஆண்டில் கேனான் தன் கிராப் சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸைக் கொண்டுவந்தது. 2007-இல் நிக்கான் டி3 பெரிய சட்டத்துக்குத் திரும்பியபோது, சின்ன வட்டம் போடும் லென்ஸ்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தன.

டி3 செய்த நல்ல காரியம், டிஎக்ஸ் லென்ஸை அடையாளம் கண்டுகொண்டு சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்தது. இன்று நிக்கான், சோனி, கேனான் எல்லாவற்றிலும் இது உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை மெகாபிக்சல். நீளமும் அகலமும் ஒன்றரை மடங்கு குறைந்தால் பரப்பு 2.25 மடங்கு குறையும். டி3-யின் 12 மெகாபிக்சல் 5 ஆனது. அது உண்மையிலேயே வலித்திருக்கும். 24 மெகாபிக்சல் கொண்ட டி750-யில் சுமார் 10 கிடைக்கும். டி850-யின் 45.7-இல் 19.4, சோனி ஏ7ஆர் 4-இன் 61-இல் 26. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508 × 2480 பிக்சல் போதும், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் கீழே. ஆகவே 24 மெகாபிக்சல் பாடி வைத்திருப்பவர் தன் பழைய கிராப் லென்ஸைப் பாதி விலைக்குத் தள்ளிவிட அவசரப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 45 மெகாபிக்சல் பாடி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கேனான் எஸ்எல்ஆர்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இஎஃப்-எஸ் என்பதிலுள்ள எஸ், லென்ஸின் பின்பகுதி சென்சாருக்கு நெருங்கி வருவதைக் குறிக்கிறது. ஃபுல் ஃப்ரேம் பாடிக்குள் இருக்கும் முகக்கண்ணாடி பெரியது. படம் எடுக்கும்போது மேலெழுந்தால் அது லென்ஸின் பின்பகுதியில் இடித்துவிடும். அதனால்தான் இஎஃப்-எஸ் லென்ஸ் அந்தப் பாடிகளில் உட்காராதபடியே செய்திருக்கிறார்கள். சிவப்புப் புள்ளிக்குப் பதிலாக வெள்ளைச் சதுரம் இருந்தால் அது இஎஃப்-எஸ். பலவந்தப்படுத்தாதீர்கள். முகக்கண்ணாடியே இல்லாத ஆர் வரிசைக் கேமராக்களில் அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாக அதே லென்ஸ் தாராளமாகப் பொருந்தும். கேமரா தானே 1.6 மடங்கு வெட்டிக்கொள்ளும். ஆர்5-இன் 45 மெகாபிக்சலில் 17 கிடைக்கும்.

இனி, அடிக்கடி குழம்பும் கேள்வி. டிஎக்ஸ் 35 என்று எழுதியிருந்தால் அது ஃபுல் ஃப்ரேமில் 52 ஆகிவிடுமா? லென்ஸின் மேல் எழுதியிருப்பது உண்மையான குவியத் தூரம். எந்தப் பாடியில் மாட்டினாலும், ஏன், மேசைமேல் சும்மா கிடந்தாலும் அது 35தான். மாறுவது நாம் வெட்டியெடுக்கும் துண்டின் அளவு. வெட்டாமல் எடுத்தால் 35-இன் விரிந்த காட்சி, மூலை இருட்டோடு. வெட்டி எடுத்தால் 52 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகிய காட்சி. எஃப் 1.8-இல் எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்சம், இரண்டிலும் ஒன்றே. ஆனால் வெட்டிய படத்தைப் பெரிதாக்கித்தானே பார்க்கிறோம்? அப்போது பின்னணி மங்கல், ஃபுல் ஃப்ரேமில் 52 மி.மீ. எஃப் 2.7 லென்ஸ் தருவதற்குச் சமமாகிவிடும். இருட்டில் எடுத்தால் மணல் தூவியதுபோல் தெரியும் நாய்ஸும் ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) சற்று அதிகமாகத் தெரியும். சேகரித்த ஒளியில் பாதிக்கு மேல் தூக்கிப்போட்டுவிட்டோமே, அதுதான் காரணம். ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கிவிட்டேன், அதே லென்ஸில் இரவுப் படம் பளிச்சென்று வரும் என்று எதிர்பார்ப்பவர், படத்தை வெட்டித்தான் எடுக்கிறார் என்றால் அந்தப் பலனைப் பார்க்க முடியாது.

முழுதாக வெட்டாமலும், மூலை இருட்டைத் தாங்காமலும் நடுவழி ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. வட்டத்துக்குள் நன்றாகப் பொருந்தும் நாற்கரம் சதுரம். 36 × 24 சட்டத்திலிருந்து 24 × 24 சதுரம் எடுத்தால் அதன் மூலைவிட்டம் 34 மி.மீ. மட்டுமே. 30 × 24 அளவில், அதாவது ஐந்துக்கு நான்கு விகிதத்தில் எடுத்தால் 38.4. டி850-யின் பட அளவு மெனுவிலேயே இவ்விரண்டும் உண்டு. டிஎக்ஸ் 35-இல் இப்படிச் சதுரமாக எடுக்கும்போது மூலை இருட்டு சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. டிஎக்ஸ் வெட்டில் கிடைக்கும் பரப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான பரப்பு மிஞ்சுகிறது. உருவப்படத்துக்கு ஐந்துக்கு நான்கு எப்போதுமே அழகான விகிதம்தான்.

ஜூம் லென்ஸ்களில் வட்டம் ஒரே அளவில் நிற்பதில்லை. அகன்ற காட்சி தரும் முனையில் சுருங்கியும், ஜூம் செய்யச் செய்ய விரிந்தும் போவது வழக்கம். டோகினா 11-16 எஃப் 2.8 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 11-இல் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும், 16-க்கு வந்ததும் ஃபுல் ஃப்ரேமை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஃபுல் ஃப்ரேமில் 16 மி.மீ. என்பது மூலைக்கு மூலை 107 டிகிரி. சிக்மா 18-35 எஃப் 1.8-இலும் 28-க்கு அப்பால் இப்படித்தான். தூரப் பார்வை லென்ஸ்களில் கதிர்கள் அதிகம் சாய்வதே இல்லை என்பதால் பெரிய வட்டம் கிட்டத்தட்ட இலவசம். 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸுக்கு, சென்சார் எதுவாக இருந்தாலும், 107 மி.மீ. அகலமுள்ள ஒளி வாசல் தேவை. வட்டத்தைச் சுருக்கி மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. கிராப் கேமராவுக்கென்று தனியாகப் பெரிய டெலி லென்ஸ்கள் அதிகம் செய்யாததன் காரணம் இதுதான்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. 4கே படத்துக்கு வேண்டியது 8.3 மெகாபிக்சல் மட்டுமே. சினிமாக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் சூப்பர் 35 சட்டமும் கிராப் சென்சாருக்கு அருகிலான அளவுதான்.

கையில் ஒரு கிராப் லென்ஸ் இருந்தால், அதன் வட்டம் எவ்வளவு என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பாடியில் தானாக வெட்டும் அமைப்பை அணையுங்கள். சில மிரர்லெஸ் (முகக்கண்ணாடி இல்லாத) பாடிகள், குறிப்பாக நிக்கான் இசட் வரிசை, கிராப் லென்ஸ் மாட்டியிருக்கும்போது இதை அணைக்க விடாது. அவற்றில் தாள் சோதனை மட்டுமே கைகொடுக்கும். ஃபோகஸைத் தொலைதூரத்தில் வையுங்கள். கிட்டத்தில் வைத்தால் பல லென்ஸ்களில் வட்டம் சற்றுப் பெருத்துக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். அப்பர்ச்சர் எஃப் 11. ஹூட், ஃபில்டர் இரண்டையும் கழற்றிவிடுங்கள், அவையும் மூலையை மறைக்கும். மேகமூட்டமான வானத்தை ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் திறந்து, நடுப்புள்ளியிலிருந்து கறுப்பு விளிம்பு தொடங்கும் இடம்வரை எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். படத்தின் முழு அகலம் 36 மி.மீ. என்று கொண்டு அதை மில்லிமீட்டராக்கி இரட்டித்தால் விட்டம் வந்துவிடும். 34-ஐத் தாண்டினால் சதுரம் உங்களுடையது.