மாலை நான்கு மணி டெண்டர்

மலேசியாவின் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் பொருளாதாரச் செய்திகளில் வேலை நாள்தோறும் வந்து, கிட்டத்தட்ட யாராலும் படிக்கப்படாமல் போகும் ஒரு சிறு செய்தி உண்டு. குறுகிய கால வட்டி நிலையாக முடிவடைந்தது. நிதிக் கட்டமைப்பில் இருந்த உபரிப் பணத்தை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா உறிஞ்சிக்கொண்டது. மாலை நான்கு மணிக்கு, ஒரு நாள் பணத்துக்கு, அதாவது மறுநாளே திரும்பும் கைமாற்றுக்கு, இத்தனை பில்லியன் ரிங்கிட் டெண்டர் விடப்பட்டது. தொகை மட்டும் நாளுக்கு நாள் மாறும். வாக்கியங்கள் பஞ்சாங்கத்தைப் போல அப்படியே இருக்கும்.

நானும் அதைத் தாண்டிப் போனவன்தான். அண்ணன் மகள் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் சேர்ந்த பிறகு ஒருநாள் சொன்னாள்: "சித்தப்பா, மூன்றரை மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். மிச்சப் பணத்தைக் கொண்டுபோய் வைக்கிற நேரம்." மிச்சப் பணமா? சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம் என்று கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு கடனுக்கு அலைகிற சனம் ஒருபக்கம். மாலையானால் பணத்தை வைக்க இடம் தேடுகிற வங்கிகள் மறுபக்கம். அந்த மிச்சத்தை இந்தச் சனத்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "கொடுக்க முடியாது சித்தப்பா. அது அந்த மாதிரிப் பணம் இல்லை" என்றாள். அவசரத்தில் இருந்தாள், வைத்துவிட்டாள்.

அது எந்த மாதிரிப் பணம் என்பது எனக்கு விளங்கியது கிட்டங்கி வழியாகத்தான். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பினாங்குத் தெருப் பக்கம், கிட்டங்கி எனப்பட்ட, நகரத்தார் வட்டிக்கடைகள் நடந்த கட்டடங்களை அறிந்தவர்களுக்கு அந்த அமைப்பு நினைவிருக்கும். உள்ளே நீண்ட கூடம். சுவரோரமாக வரிசையாகப் பெட்டகங்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பேரேடு. பெட்டகம் ஒன்று என்றால் கடை ஒன்று. தனித்தனி விலாசம், தனித்தனி மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஒரு கடையின் கையிருப்பு மதியத்துக்குள் வற்றிவிட்டால், நான்கு பாய் தள்ளி உட்கார்ந்திருக்கும் கடையிடம் வாங்கிக்கொள்ளலாம். கடைகள் தங்களுக்குள் இப்படிக் கொடுத்து வாங்குவதற்கான வட்டிக்கு நடப்பு வட்டி என்று பெயர். ரங்கூனில் மாதம் ஒருமுறை கோவிலில் கூடி அதை நிர்ணயித்தார்கள். மற்ற வட்டிகள் அதை ஒட்டியே ஏறி இறங்கின.

முதல் பெட்டகத்திலிருந்து ஐயாயிரம் வெள்ளி ஆறாவது பெட்டகத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைக்குக் குறைவு, ஆறாவது கடைக்குக் கூடுதல். கூடத்துக்கு ஒரு காசு மாறவில்லை. தங்களுக்குள் எத்தனை முறை கொடுத்து வாங்கினாலும் கூடத்தின் மொத்தம் அதேதான். அது கூடவேண்டுமானால் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு பீச் தெருவில் இருந்த வெள்ளைக்கார வங்கிகளுக்கு நடக்கவேண்டும். குறையவேண்டுமானால் கடன் வாங்கியவர் நாணயத்தை மடியில் முடிந்துகொண்டு வாசலைத் தாண்டவேண்டும்.

இன்றைய வங்கிகளின் கூடம் பேங்க் நெகாராவின் பேரேட்டுக்குள் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கணக்கு; அதில் நிற்கும் தொகைதான் அந்த வங்கியின் இருப்பு. ரிசர்வ் என்று சொல்லப்படுவது இதுதான். 1999 முதல் ரெந்தாஸ் என்ற மின்னணு அமைப்பு இந்தக் கணக்குகளுக்கு இடையே பெரிய தொகைகளை உடனுக்குடன் கைமாற்றுகிறது. பெட்டகம், பாய், மேசை எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. மடியில் முடிந்துகொண்டு வெளியே போகிற வாசல்தான் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

எப்படி என்றால், ஜெலுத்தோங்கில் ஒருவர் நான்கு லட்சம் ரிங்கிட் கடனில் அடுக்குமாடி வீடு வாங்குகிறார். வங்கி தன் இருப்பிலிருந்து எதையும் எடுத்து அவர் கையில் வைப்பதில்லை. பேரேட்டில் இரண்டு பக்கமும் எழுதுகிறது: அவர் நமக்குத் தரவேண்டியது நான்கு லட்சம்; நாம் கொடுக்கவேண்டியது நான்கு லட்சம். வீட்டை விற்றவரின் கணக்கு வேறு வங்கியில் இருந்தால், முதல் வங்கியின் இருப்பில் நான்கு லட்சம் குறைந்து இரண்டாவது வங்கியின் இருப்பில் நான்கு லட்சம் ஏறும். பெட்டகம் மாறிற்று, அவ்வளவே. எல்லா வங்கிகளும் சேர்ந்து ஆளுக்கு ஆள் கடன் கொடுத்தாலும் கூடத்தின் மிச்சம் கூடத்திலேயே கிடக்கும். அண்ணன் மகள் சொன்னது இதைத்தான். நமக்குக் கடன் கிடைக்கவில்லை என்றால், திருப்பிக் கட்டுவோமா என்ற சந்தேகமும் வங்கியின் சொந்த மூலதனக் கணக்கும் காரணமாக இருக்கலாம். கூடத்தில் பணம் போதாமல் போனது காரணமாக இருப்பது இந்த நாட்டில் அபூர்வம்.

பேங்க் நெகாராவின் ஐந்தொகையில், அதாவது சொத்து-பொறுப்புக் கணக்கில், வேறு ஏதாவது ஒரு வரி அசையும்போதுதான் கூடத்தின் மொத்தம் மாறும். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஒரு கோடி அமெரிக்க டாலர் வருகிறது. சம்பளமும் வாடகையும் ரிங்கிட்டில் கொடுக்கவேண்டும்; டாலரைத் தன் வங்கிக்கு விற்கிறது. இதுவரை கூடத்தில் மாற்றமில்லை. அந்த டாலரை வங்கியிடமிருந்து பேங்க் நெகாரா வாங்கினால்தான் கதை மாறும். ஒரு டாலர் 4 ரிங்கிட் 20 சென் என்றால், வங்கியின் கணக்கில் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் புதிதாக எழுதப்படும். எங்கிருந்தும் எடுத்து வந்து எழுதுவதில்லை, எழுதியதால் உண்டானது. 1998 செப்டம்பர் 2 முதல் 2005 ஜூலை 21 வரை ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென் என்று விலை கட்டப்பட்டிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த விலையைக் காப்பாற்ற, மிகுதியாக வந்த டாலரை எல்லாம் வாங்கிக்கொண்டு ரிங்கிட்டை எழுதித் தள்ளத்தான் வேண்டியிருந்தது. உபரி என்று தினமும் செய்தியில் வருவதற்குப் பெரிய ஊற்று, இப்படி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சேர்த்த அந்நியச் செலாவணிதான்.

எதிர்த்திசையிலும் அசைவுகள் உண்டு. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னால், உறைக்குள் வைக்கப் புது நோட்டு கேட்டு வங்கிக் கிளைகளில் நிற்கிற வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அந்த நோட்டுக் கட்டுகளை வங்கி பேங்க் நெகாராவிடமிருந்து வாங்கிவர, அதன் இருப்பில் அதே அளவு கழிக்கப்படுகிறது. அடைபட்ட வாசலில் மீதமிருக்கிற சிறு திட்டிவாசல் இது. பிள்ளைகள் உறையைப் பிரித்து, பணம் கடைகளுக்குப் போய், கடைக்காரர்கள் வங்கியில் கட்ட, சில வாரங்களில் பெரும்பகுதி திரும்பிவிடும். வரியும் அப்படித்தான்: மக்கள் கட்டிய வரி பேங்க் நெகாராவில் இருக்கும் அரசாங்கக் கணக்குக்குப் போகும்போது கூடம் வற்றும், அரசாங்கம் சம்பளம் போடும்போது ஊறும்.

ஊறினால் ஊறட்டும், வற்றினால் வற்றட்டும் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் வட்டி. கூடத்தில் எல்லோரிடமும் மிச்சம் இருந்தால் யாருக்கும் கைமாற்று தேவையில்லை. கொடுக்க நூறு பேர், வாங்க ஆளில்லை. ஒரு நாள் வட்டி தரையைத் தொடும். எல்லோருக்கும் பற்றாக்குறை என்றால் கூரையைத் தொடும். ஆனால் அந்த வட்டி எவ்வளவு இருக்கவேண்டும் என்று பேங்க் நெகாராவின் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடித் தீர்மானிக்கிறது. 2004 ஏப்ரல் முதல் அதற்கு ஓ.பி.ஆர். (ஓவர்நைட் பாலிசி ரேட்) என்று பெயர். 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு வரை இறங்கியது. 2025 ஜூலையில் 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆக்கப்பட்டது. அதற்கு மேலும் கீழும் கால் விழுக்காடு எல்லை. 2.75 என்றால், பேங்க் நெகாராவிடம் போய்க் கடன் வாங்கினால் 3.00, அங்கே பணத்தை விட்டுவைத்தால் 2.50. கோவிலில் கூடிய செட்டியார்கள் நடப்பு வட்டியைச் சந்தையின் போக்கைப் பார்த்துச் சொன்னார்கள். இவர்கள் வட்டியை முதலில் சொல்லிவிட்டு, சந்தை அந்த இடத்தில் வந்து நிற்கும்படி கூடத்தின் மொத்தத்தைத் திருத்துகிறார்கள். 2022 ஆகஸ்டுக்குப் பிறகு மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு அடிப்படை வட்டி ஓ.பி.ஆரோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது. அது கால் விழுக்காடு அசைந்தால் உங்கள் மாதத் தவணையும் அசையும்.

பாடப்புத்தகத்தில் இதை மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கி விற்கிற வேலை என்று எழுதியிருக்கும். பத்திரத்தை வாங்கினால் கூடத்துக்குப் பணம் வரும், விற்றால் போகும். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பேங்க் நெகாரா அரசாங்கப் பத்திரங்களை வாங்கியதும் உண்டு. ஆனால் இங்கே அன்றாட வேலை உறிஞ்சுவதுதான், அதற்குப் பத்திரத்தை விற்பதைவிடச் சுலபமான வழி இருக்கிறது: பேங்க் நெகாராவே வங்கிகளிடம் கடன் வாங்கிவிடுகிறது. தேவைப்பட்டால் தானே ரிங்கிட்டை எழுதி உண்டாக்கக்கூடிய அமைப்பு கடன் வாங்குவது விசித்திரம்தான். அது செலவழிக்க வாங்குகிற கடன் அல்ல. வங்கியின் கணக்கில் இருப்பு என்ற வரியில் கிடந்த தொகையை ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று வேறொரு வரிக்கு மாற்றிப் பூட்டிவைப்பதுதான் அந்தக் கடன். நீண்ட நாள் பூட்ட 2006 டிசம்பர் முதல் தன் பெயரிலேயே நாணயப் பத்திரங்களையும் வெளியிடுகிறது.

இஸ்லாமிய வங்கிகளுக்கு இது பொருந்தாது, வட்டி வாங்கக்கூடாது. அங்கேதான் செம்பனை எண்ணெய் வருகிறது. 2007இல் தொடங்கிய முறைப்படி, வங்கி தன் மிச்சப் பணத்தில் ஒரு தரகரிடமிருந்து செம்பனை எண்ணெய் வாங்குகிறது. அதைச் சற்றுக் கூடுதல் விலைக்கு, பணம் பிறகு தந்தால் போதும் என்று பேங்க் நெகாராவுக்கு விற்கிறது. பேங்க் நெகாரா அதே எண்ணெயை உடனே இன்னொரு தரகருக்கு ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறது. கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ரொக்கம் பேங்க் நெகாராவிடம், வரவேண்டிய பாக்கி வங்கியிடம். லாபம் வணிக லாபம். எண்ணெய் கைமாறுகிறது, ஆனால் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு நகரவேண்டிய அவசியமில்லை. 2009 முதல் இத்தகைய வாங்கல் விற்றலுக்கென்றே பங்குச் சந்தையின் கீழ் தனித் தளம் நடக்கிறது. தோட்டத்தில் குலை வெட்டிய கைகளுக்கு இது தெரிந்தால் சிரிப்பார்கள்.

கட்டாய இருப்பு விகிதம் என்று இன்னொன்று. வங்கிகள் தங்கள் வைப்புத்தொகை முதலான பொறுப்புகளில் ஒரு பங்கை வட்டியில்லாமல் பேங்க் நெகாராவில் வைத்தே ஆகவேண்டும். 1996இல் அது 13.5 விழுக்காடு வரை போனது. 1998 நெருக்கடியில் பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே 4 ஆக வெட்டப்பட்டது. 2025 மே மாதம் 2இலிருந்து 1 விழுக்காடு ஆனபோது, ஏறக்குறைய 19 பில்லியன் ரிங்கிட் வங்கித் துறைக்குள் விடுவிக்கப்படுகிறது என்று எல்லோரும் எழுதினார்கள். படித்தவர்கள் 19 பில்லியன் புதிதாக வருவதாகவே நினைத்திருப்பார்கள். கூடத்தின் மொத்தத்தில் ஒரு சென் கூடவில்லை. பெட்டகத்துக்குள் பூட்டுப் போட்டிருந்த அறையிலிருந்து பூட்டில்லாத அறைக்கு அது மாறியது. வட்டியில்லாமல் முடங்கிய பணம் இனி ஏதாவது சம்பாதிக்கும். அந்த அளவில் வங்கிகளுக்கு ஆதாயம்தான். அவர்களுக்கு வேண்டாத பகுதி மாலை நான்கு மணிக்கு வந்து நிற்கும்.

அண்ணன் மகளின் மேசைக்கு வருவோம். அவள் வங்கியின் பொறுப்புகள் 50 பில்லியன் என்று வையுங்கள். ஒரு விழுக்காடு என்றால் 500 மில்லியன். ஒவ்வொரு நாளும் சரியாக 500 இருக்கவேண்டியதில்லை. 20 விழுக்காடு முன்பின் போகலாம், 400க்கும் 600க்கும் இடையே. அரை மாதத்துக்கு எடுத்த சராசரி 500 ஆகவேண்டும். முதல் வாரம் 580, 590 என்று தாராளமாக விட்டவர்கள் கடைசி நாட்களில் 420இல் ஓட்டலாம். குறைவாக விட்டுவிட்டு, கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடினால் அன்றைக்கு வட்டி துள்ளும். மூன்றரை மணிக்கு அவள் திரையில் பார்ப்பது இதைத்தான்: இன்று என்ன போயிற்று, என்ன வந்தது, இன்னும் எந்தப் பெரிய காசோலைக்காரர் கடைசி நிமிடத்தில் மாற்றுவார், சராசரிக்கு எவ்வளவு வேண்டும். மீதியை எவ்வளவு டெண்டரில் வைக்கலாம் என்று முடிவு செய்து அனுப்புகிறாள். அதிகமாக வைத்துவிட்டால் இரவுக்குள் யாரிடமாவது கைமாற்று கேட்க நேரும். குறைவாக வைத்தால் நாளை காலை மேலாளர் கேட்பார்.

வைத்தது 10 கோடி ரிங்கிட், வட்டி 2.75 என்றால் ஒரு இரவுக்கு 7,534 ரிங்கிட் 25 சென். மறுநாள் அசலோடு அதுவும் வங்கியின் கணக்கில் ஏறும். அந்த 7,534 ரிங்கிட்டும் பேங்க் நெகாரா புதிதாக எழுதிய இருப்புதான். ஆகவே அதையும் சேர்த்து மறுபடி மாலையில் உறிஞ்சவேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு நாள் பணம் மூன்று நாள் பணம் ஆகிவிடும்: 22,602 ரிங்கிட் 74 சென். அன்றைக்கு டெண்டர் முடிந்ததும் அவளே கூப்பிடுவாள், பட்டர்வொர்த் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள் சித்தப்பா என்று.