புகையில் வளர்த்த பாசியைச் சாப்பிடலாமா?

அம்பாசமுத்திரம், ஆலங்குளம் பக்கம் ரைஸ்மில் நடத்துகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்பது இதைத்தான்: பாய்லர் புகையைத் தொட்டியில் விட்டு நுண்பாசி வளர்த்து, காயவைத்து, குடலுக்கு நல்லது என்று பிரிபயாடிக் பொடியாக விற்கலாமா? உணவுத் தொழில்நுட்ப ஆலோசனைதான் என் வேலை, அதனால் நேராகவே சொல்கிறேன். பாசி வளரும். ஒரு கிலோ காய்ந்த பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவை அது இழுத்துக்கொள்ளும், ஆகவே புகையைக் குறைக்க நல்ல வழிதான். ஆனால் அதையே வாயில் போடச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"அண்ணாச்சி, புகையில வேற என்னெல்லாம் வருது?" என்றுதான் முதலில் கேட்பேன். நிலக்கரி எரித்தால் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம் எல்லாம் கூடவே வரும், உமி எரித்தால் தூசியும் சாம்பலும் சேரும். கழிவுநீரில் இருக்கும் ஈயம், காட்மியத்தைப் பிரிக்கவே பாசியைப் பயன்படுத்துவது உண்டு, அவ்வளவு நன்றாக அதன் செல்சுவர் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் போய்விட்டால் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. அந்தப் பாசியைச் சாண எரிவாயுக் கலனுக்கு அனுப்புங்கள், அதோடு சரி.

சுத்தமான வாயு கிடைத்தால் பேச்சே வேறு. நொதித்தல் ஆலைகளில் வெளியேறும் கரியமில வாயு கிட்டத்தட்ட தூய்மையானது. நம் பக்கத்துத் தூத்துக்குடியிலேயே ஒரு ரசாயன ஆலை, நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைத் தனியே பிரித்து சோடா உப்பு தயாரிக்க 2016-இல் ஆரம்பித்தது. அப்படிப் பிரித்து, சோதித்த வாயு என்றால் யோசிக்கலாம்.

அப்புறம் பிரிபயாடிக் விஷயம். நாம் செரிக்காமல் விட்டதைக் குடலின் நல்ல பாக்டீரியா தின்று, அதனால் நமக்கு நன்மை வந்தால்தான் அந்தப் பெயர். ஸ்பைருலினா என்று விற்கிற சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம், பிரிபயாடிக் ஆகக்கூடியது அதிலுள்ள பலகூட்டுச் சர்க்கரைகள். அதைத் தனியே பிரித்து, நொதியால் சிறு துண்டாக்கி ஆராய்கிறார்கள், ஆனால் ஆதாரம் பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிலும்தான். மனிதரில் எவ்வளவோ உறுதியான ஆதாரம் சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்துக்கு உண்டு.

பாசிப் பொடி வாங்குகிறவர்கள், அந்தந்தத் தயாரிப்புத் தொகுப்புக்கு (பேட்ச்) ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் பார்த்த அறிக்கையைக் கேளுங்கள். திறந்த தொட்டியில் வளர்ந்தது என்றால் கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சுக்கான சோதனையும் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குளோரெல்லா என்ற பச்சைப் பாசியைத் தொடும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அதில் வைட்டமின் கே அதிகம். அறிக்கை தர மறுக்கிற கடையில் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தயவுசெய்து வாங்காதீர்கள்.