தூதுவருக்கு மனு எழுதும் முன் வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் அப்பாயியையும் அழைத்துக்கொண்டு ஹட்டனிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில், அவர் பிறந்தபோது அவருடைய அப்பா இலங்கைப் பிரஜையாக இருந்ததற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறை பஸ் ஏறிக் கொழும்புப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர், உட்கார்ந்ததுமே கேட்டார்: "சேர், இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மனு எழுதித் தாங்க. தாத்தா அங்கயிருந்து வந்தவருதானே, அவங்க ஒரு கடிதம் குடுத்தா இங்க வேலை முடிஞ்சிரும்."

இப்படிக் கேட்பவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். நம் பக்கத்து அரசியல்வாதி யாருக்காவது தூதுவர் பதவி கிடைத்தால் மனுக்கள் இன்னும் கூடும். நம்முடைய ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார், சொல்லிவிட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது, அதனால் கோபம் வருவதில்லை. ஆனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அவருக்கு நான் வி.வி. கிரியின் கதையைச் சொன்னேன்.

கிரியை இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே அவர் கொழும்பில் இருந்தார். 1894இல் பெர்ஹாம்பூரில் பிறந்தவர், டப்ளினில் சட்டம் படித்தவர், ஊர் திரும்பியதும் ரயில்வே தொழிலாளர்களைச் சங்கமாக்கி வேலைநிறுத்தங்களை நடத்தியவர். 1937 தேர்தலில் பொப்பிலித் தொகுதியில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்து, ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறைக்கும் கைத்தொழிலுக்கும் அமைச்சரானார். முழுக்க முழுக்க ஒரு மாகாண அரசியல்வாதி, அதிலும் தொழிலாளர் பக்கம் நின்றவர். 1947இல் அவரைத்தான் இந்தியா தன் முதல் உயர்ஸ்தானிகராக, அதாவது தூதுவராக, கொழும்புக்கு அனுப்பியது. 1951 வரை இருந்தார்.

அந்த வருடங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 1947 தேர்தலில், தோட்டங்களிலுள்ள இந்திய வம்சாவளித் தமிழரான நம்மவர்களின் கட்சியாக இருந்த இலங்கை இந்தியர் காங்கிரஸ் மலையகத்திலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நம்மவர்களில் பெரும்பாலோரைப் பிரஜைகளாக ஏற்காத 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. தொழிலாளர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர் இவ்வளவு பொருத்தமான நேரத்தில் தூதுவராக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது என் எண்ணம். அப்படியிருந்தும் ஒரு சட்டத்தைக்கூடத் தடுக்க முடியவில்லை.

அவர் மனம் வைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொப்பிலியில் மேடை ஏறி ராஜாவை எதிர்த்துப் பேச முடிந்தவர் கொழும்பில் அப்படி மேடை ஏற முடியாது, ஏனென்றால் தூதுவர் தான் இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது. இன்றைக்கு அது 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 41ஆம் உறுப்புரையில் எழுத்தில் இருக்கிறது, அன்றைக்கு வழக்கமாக இருந்தது. அதே உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை தூதுவரின் கடமைகளைச் சொல்லும்போது தன் நாட்டுப் பிரஜைகளின் நலனைக் காப்பதையும் சொல்கிறது. சரி, நம் ஆட்கள் யாருடைய பிரஜைகள்? அந்தக் கேள்விக்கே இரண்டு அரசுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவும் 1947 டிசம்பரில் டெல்லியில் பேசினார்கள், அப்புறம் கடிதம் எழுதிக்கொண்டார்கள், உடன்பாடு வரவில்லை.

இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரையின்படி வெளிநாட்டிலிருந்த இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தங்களை இந்தியப் பிரஜைகளாகப் பதிந்துகொள்ளலாம். அதாவது அந்த அலுவலகத்தால் நம்மவருக்குச் சட்டப்படி கொடுக்க முடிந்த பெரிய உதவியே இந்தியப் பிரஜாவுரிமைதான். இங்கேயே பிறந்து இங்கேயே சாக நினைத்தவருக்கு அது உதவியா, எதிர்ச் சாட்சியா? அந்தத் தம்பி கேட்ட கடிதமும் இதே மாதிரித்தான். தாத்தா இந்தியர் என்று தூதரகம் எழுதிக் கொடுத்தால், அதை வாங்கிப் பார்க்கும் அதிகாரி இவரை இந்தப் பக்கம் சேர்ப்பாரா, அந்தப் பக்கம் தள்ளுவாரா என்று கேட்டேன். பேசாமல் இருந்தார்.

1949ஆம் ஆண்டுச் சட்டம் வாசற்கதவைக் கொஞ்சம் திறந்துதான் வைத்தது. திருமணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு நிரூபிப்பது? செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு, அவ்வளவுதான். முதலில் பகிஷ்கரிப்பு என்று காங்கிரஸ் காலம் கடத்தியது, கடைசியில் 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன, அவற்றில் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. 1964 ஆகும்போது அதில் ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் கிடைத்திருந்தது. எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாமலிருந்தவர்களைத்தான் அந்த வருடம் அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எண்ணிக்கையாகப் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்திலும் போய் யாரையும் கேட்கவில்லை. 1984இல் இந்தியாவுக்குப் போன தலைமன்னார்க் கப்பல் நின்றபோது இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்கள் எத்தனையோ குடும்பங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் வழி விட்டது.

உங்கள் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் பிறந்திருந்தால் அவருக்கு இன்னொரு கூடு. முன்னோர் இங்கே பிறந்ததைக் கேட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே நம் பத்திரத்தில் அச்சாகியிருக்கிறது. நான் பார்த்த தோட்டத்துப் பத்திரங்களில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும், பாட்டன் இங்கேயே பிறந்திருந்தாலும்கூட. தோட்டத்து அலுவலகத்தில் சொல்லப் போனவருக்கு அந்தக் கூடு எதற்கென்று தெரியாது, எழுதியவர் கேட்கவும் இல்லை. அப்புறம் பெயர்கள். அப்பா ஒரு கடதாசியில் முத்தையா, இன்னொன்றில் முத்துசாமி, சிங்களத்தில் எழுதிய அடையாள அட்டையில் மூன்றாவது ஒரு ஆள். வழக்கு என்று வந்தபின் சத்தியக் கடதாசி முடிப்பதைவிட, இப்போதே பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்த் திருத்தத்துக்குக் கொடுங்கள். செலவு குறைவு, அலைச்சலும் குறைவு.

தூதரகம் நிஜமாகவே உதவுகிற இடம் ஒன்று உண்டு, அதைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கைக்குழந்தையோடு ஊர் திரும்பி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில் என்னிடம் வருகிறார்கள். தாமதித்தாலும் வழி இருக்கிறது, ஆனால் காரணம் சொல்லிக் காத்திருக்க வேண்டும். 2003க்குப் பிறகு தாய் பிரஜையாக இருந்தாலும் போதும் என்று சட்டம் மாறிவிட்டது, இது தெரியாமல் தகப்பனின் கடதாசியைத் தேடி அலையும் தாய்மாரை இன்றும் பார்க்கிறேன்.

அந்தத் தம்பிக்கு நான் மனு எழுதவில்லை. அப்பாயியின் பக்கம் திரும்பி, "தாத்தா ஏதாவது கடதாசி வச்சிருந்தாரா அம்மா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதைத் தொட யாரையும் விட்டதில்லை என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டு வந்தார்கள். தேயிலைப் பையின் உள்தாளில் சுற்றி, நாலாக மடித்து, மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழ், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைத்தது. தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், 1957 என்று தேதி, கீழே மனைவியின் பெயர். அப்பாயி தன் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தார். தம்பியின் அப்பா அதற்குப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவர், ஆகவே வம்சாவளிப் பிரஜை.

இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, உறுதிப்படுத்திய பிரதிக்கு அன்றைக்கே விண்ணப்பம் தயார் செய்தோம். மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அப்பாயியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.